இடது பக்கம்

கோடை விழா முடிந்த மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை, ஃபிஜா ஜமுனாமரத்தூரை விட்டுப் போனாள். விழாப் பந்தலின் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் நிற்கும் இடத்தில் காகிதத் தட்டுகளும் பலாக்கொட்டைகளும் ஈரத்தில் சிதறிக் கிடந்தன. வாணியம்பாடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், வழியனுப்ப வந்த பாஞ்சாலியிடம் இடது கையை வெளியே நீட்டினாள்.

“ரெண்டு நாள்ல வந்துடுவேன்க்கா. அதுக்குள்ள என் பக்கத்தை யாருக்குனா குடுத்துடாத.”

“உன் பக்கத்தை எவ கேக்கறா? போய்ட்டு வா.”

பஸ் வளைவில் திரும்பி மறையும் வரைக்கும் அந்தக் கை வெளியேதான் இருந்தது. பாஞ்சாலி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையை உள்ளே இழுத்துக்கொள்ளேன், எதிரே லாரி வரப் போகிறது என்று நினைத்தாளே தவிர வேறொன்றும் நினைக்கவில்லை.

ஃபிஜா சொன்ன பக்கம், ஒரு கீபோர்டின் இடது பாதி.

அருணகிரி ஜெராக்ஸ் கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, அதன் முன்னால் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் இரண்டு பெண்கள் ஒட்டி உட்கார்ந்து ஒரே கீபோர்டில் அடித்தார்கள். வலது பாதி பாஞ்சாலிக்கு, இடது பாதி ஃபிஜாவுக்கு. முதல் தடவை பார்ப்பவர்கள் விளையாடுகிறார்கள் என்றே நினைப்பார்கள். கடைக்காரர் அருணகிரி மட்டும், “இது ரெண்டும் சேந்தாத்தான் சார் ஒரு ஆளு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பாஞ்சாலிக்கு இடது மணிக்கட்டு கோணல். பதினோரு வயதில் பலா மரத்திலிருந்து விழுந்தாள். அவள் ஊர் மலைக்கு உள்ளே, பஸ் ரோட்டிலிருந்து ஒரு மணி நேர நடை. அப்பா மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடிற்று, ஆனால் தன் இஷ்டத்துக்குக் கூடிற்று. அந்தக் கையை மேசைமேல் வைத்தால் உள்ளங்கை படியாது, கவிழ்ந்த படகுபோல ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தக் கையோடுதான் போளூரில் தங்கித் தமிழ் டைப் லோயர் பாஸ் பண்ணினாள். பத்து வருடம் மலைக்காரர்களின் மனு, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் எல்லாம் அடித்தாள். பிறகு இடது விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. காலையில் துணி பிழிய முடியாது, கொண்டை போட முடியாது.

அந்த நேரத்தில்தான் ஃபிஜா கடைக்கு வந்தாள். புளி மண்டி முகமதுவின் மனைவி, வாணியம்பாடிப் பெண், டைப்பில் ஹையர் பாஸ் பண்ணியவள். ஸ்கூட்டி சறுக்கி வலது கையில் மாவுக்கட்டு. ரேஷன் கார்டுக்கு மனு அடிக்க வந்தவள், பாஞ்சாலி ஒவ்வொரு எழுத்துக்கும் பல்லைக் கடிப்பதைப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். உனக்கு இடது ஆகாது, எனக்கு வலது ஆகாது, அப்புறம் இன்னாக்கா கஷ்டம் என்றாள். மனு பத்து நிமிடத்தில் முடிந்தது. மாவுக்கட்டை அவிழ்த்த பிறகும் அவள் வருவதை நிறுத்தவில்லை.

ஒரே கையெழுத்துப் பிரதியை இருவரும் படிப்பார்கள். பேச மாட்டார்கள். ஒருத்தி மூச்சை இழுத்தால் மற்றவளுக்கு அடுத்த சொல் தெரியும். ஆறு மாதத்தில் ஒற்றை ஆள் அடிப்பதைவிட வேகம் கூடிவிட்டது. ஃபிஜாவிடம் ஒரே ஒரு குறை. பத்தி முடிந்து இளைப்பாறும்போது அவளுடைய இடது சுண்டுவிரல் தானாகக் கீழே இறங்கும். அதற்குக் கீழே இருப்பது ‘ய’. ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் வேண்டாத ஒரு ‘ய’ வந்து நிற்கும். பாஞ்சாலி ஒன்றும் சொல்லாமல் அதை அழிப்பாள். ஏழு வருடத்தில் எத்தனை ஆயிரம் ‘ய’ அழித்திருப்பாளோ.

இரண்டு நாள் என்றவள் பத்து நாளாகியும் வரவில்லை. போன் அடித்தால் அணைக்கப்பட்டிருக்கிறது என்றது. புளி மண்டியை முகமது அதற்குள் காலி செய்திருந்தான். பாஞ்சாலி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடிக்கே போனாள். வீடு பூட்டியிருந்தது. எங்கேயோ வடக்கே போய்விட்டார்கள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எதிர்வீட்டுக்காரர் யாருக்கோ உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதாகச் சொன்னார். யாருக்கு என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. மலை ஏறும் பஸ்ஸில் ஆஸ்பத்திரி என்ற அந்த ஒரு சொல் அவள் கூடவே ஏறிவந்தது.

இனி இரண்டு பக்கத்தையும் அவளே அடிக்க வேண்டும். மூன்று மாதம் அடித்தாள். வேலூரில் கையைப் பார்த்த டாக்டர், மணிக்கட்டை இப்படி வளைத்து வைத்து அடித்தால் அடுத்த வருடம் இந்தக் கை ஒரு டம்ளரைக்கூடத் தூக்காது என்றார். ஒன்று வேலையை விடு, இல்லை மணிக்கட்டு வளையாத மாதிரி ஒரு கீபோர்டு தேடிக்கொள். வேலையை விட்டால் அவளுக்கு வேறு வேலை தெரியாது. ஊருக்குத் திரும்பிச் சாமை அறுக்கவும் அந்தக் கை உதவாது.

அருணகிரி ஒவ்வொன்றாக வாங்கிவந்தார். முதலில் வந்தது கலர் கலராக விளக்கு எரிவது. கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி இருக்கிறது என்று பாஞ்சாலி அதைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்தது அப்பளம் மாதிரி தட்டை. விரல் நுனி மேசையையே குத்துவதுபோல வலித்தது. மூன்றாவது நடுவில் மேடாக வளைந்தது. அது வலது கைக்குப் பரவாயில்லை, இடது கைக்கு எட்டவில்லை. பாஞ்சாலி பரீட்சை வைக்கும் முறை எளிமையானது. நாள் முழுவதும் அடிப்பாள். மறுநாள் காலையில் ஈரத் துணியைப் பிழிந்து பார்ப்பாள். தண்ணீர் சொட்டினால் கீபோர்டு நல்லது. ஒன்றிலும் சொட்டவில்லை.

படவேட்டுக்காரன் அசோக்குமார் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். ஓய்வு நேரத்தில் கீபோர்டு செய்வதில் அவனுக்குப் பைத்தியம். பைக்கில் மலை ஏறிவந்தவன் எதையோ ஜெராக்ஸ் எடுக்கும்போது அருணகிரியின் புலம்பலைக் கேட்டான். இரண்டு துண்டாகப் பிரிந்த கீபோர்டு ஒன்று உண்டு என்றான். தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாதியையும் கூரைபோலச் சாய்த்துவிட்டால் கை தன் போக்கில் இருக்கும், மணிக்கட்டு திரும்பவே திரும்பாது. ஒவ்வொரு எழுத்துக் கட்டைக்கும் அடியில் தனி ஸ்பிரிங். பாதி அழுத்தினாலே எழுத்து விழுந்துவிடும். விரல் நீளத்துக்குத் தகுந்தபடி கட்டைகளை ஏற்றி இறக்கித் தானே செய்து தருவதாகவும், அதற்கு இரண்டு கைகளையும் தாளில் விரித்துக் கோடு வரைந்து அனுப்பினால் போதும் என்றும் சொன்னான்.

வலது கையைப் பாஞ்சாலி சுலபமாக வரைந்தாள். இடது கை தாளில் படியவில்லை. அழுத்திப் பார்த்தாள், வலி தோள்வரை ஏறிற்று. வரைந்த கோடும் கை மாதிரி இல்லை, ஏதோ வேர் மாதிரி இருந்தது. அதை அந்நியன் ஒருவனுக்கு அனுப்ப அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மேசை இழுப்பறையைத் திறந்தாள். அங்கே ஃபிஜாவின் இடது கை இருந்தது. ஒரு ரம்ஜானுக்கு மருதாணிக் கோலம் பழகுவதற்காக ஜெராக்ஸ் தாளில் கையை வைத்து வரைந்துகொண்டது. கொடி, பூ, பிறை எல்லாம் பாதியில் நின்றிருந்தன. பாஞ்சாலி ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. ஏழு வருடமாக அவளுக்கு இடது கை என்றால் அதுதான். இரண்டு தாளையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள்.

கீபோர்டு அடுத்த வருடம் பக்ரீத் முடிந்த வாரம் வந்தது. ஃபிஜா இருந்திருந்தால் டிபன் பாக்ஸ் நிறையக் கறி வந்திருக்கும் என்று அருணகிரி பெட்டியைப் பிரித்தபடி சொன்னார். உள்ளே இரண்டு கறுப்புத் துண்டுகள். நடுவில் வயர்கூட இல்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் வைத்தபோது, யாரோ கையை ஊன்றிக் குனிந்து திரையைப் பார்ப்பதுபோல இருந்தது.

வலது பாதி அவள் கைக்கு அப்படியே பொருந்திற்று. இடது பாதியில் அவள் விரல்கள் எட்டவில்லை. ஆனாலும் புதுசு, பழகட்டும் என்று அதை இடதுபுறம் தள்ளி வைத்து, எட்டி எட்டி அடித்தாள். ஃபிஜா உட்காரும் இடத்துக்கு நேராக அது நின்றது.

மூன்றாம் நாள் ஒரு காதுகுத்துப் பத்திரிகை. முதல் பத்தியை அடித்துவிட்டு, வலியைத் தணிக்க இடது கையை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். டக் என்று ஒரு சத்தம். திரையில் பத்தியின் கடைசியில் ஒரு ‘ய’.

பழக்கத்தில் அதை அழித்துவிட்டாள். அழித்த பிறகுதான் தன் இடது கை மடியில் இருப்பதைப் பார்த்தாள்.

அடுத்த பத்தியிலும் வந்தது. மறுநாளும் வந்தது. நடுவில் வராது, சொல்லுக்குள் வராது. பத்தி முடிந்து அவள் மூச்சு விடும்போது மட்டும் வரும். அசோக்குமாருக்குப் போன் செய்தாள். அவன் அந்த வாரக் கடைசியிலேயே வந்தான். அந்தக் கட்டையைப் பிடுங்கிப் புது ஸ்விட்சு போட்டு அரை மணி நேரம் சோதித்தான். ஒரு பழுதும் இல்லை.

“எங்க, ரெண்டு கையும் வெச்சுக் காட்டுங்கக்கா.”

வைத்தாள். அவன் இடது பாதியை உற்றுப் பார்த்தான்.

“இது உங்க கை அளவு இல்லியே. யாரு கைய வரைஞ்சு அனுப்புனீங்க?”

பாஞ்சாலி சொன்னாள். அவன் திட்டவில்லை, சிரித்தான். செருப்புக் கடையில் அடுத்தவர் காலை நீட்டிய மாதிரி இருக்கிறது என்றான். கோணலோ மாணலோ உங்கள் கையையே வரைந்து அனுப்புங்கள், இடது பாதியை மட்டும் புதிதாகச் செய்து தருகிறேன் என்றான். அவள் சரி என்றாள். ஆனால் வரையவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தாள்.

ஆடி மாதம். மதியம் இரண்டு மணிக்கே மூடுபனி ரோட்டில் இறங்கி, எதிரே இருக்கும் டீக்கடை தெரியாது, அதன் பாய்லர் இரைச்சல் மட்டும் கேட்கும். அப்படிப்பட்ட ஒரு மதியம் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒன்று அவசரமாக வந்தது. பாஞ்சாலி கண்ணைப் பிரதியில் வைத்து வலது கையால் அடிக்க ஆரம்பித்தாள். இடது கையைத் தூக்கி வைக்க மறந்துவிட்டாள். நான்கு வரி போன பிறகுதான் அது மடியிலேயே கிடப்பதைக் கவனித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நான்கு வரியும் முழுசாக இருந்தன. ஒரு எழுத்துக் குறையவில்லை.

ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துத் திரும்பி நின்ற அருணகிரி, திரும்பாமலே பேசினார்.

“இன்னா, ஃபிஜா வந்துட்டாளா? எப்ப வந்தா? ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா.”

ஏழு வருடம் முதுகுப் பக்கம் கேட்ட சத்தம் அவருக்கு. ஒருவர் அடிப்பதும் இருவர் அடிப்பதும் அவர் காதுக்கு வேறு வேறு. சிரித்த முகத்தோடு திரும்பியவர் பெஞ்சைப் பார்த்தார். பாஞ்சாலியின் மடியில் கிடந்த கையைப் பார்த்தார். கறுப்புத் துண்டைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோயிற்று. அன்று மாலை மிஷினை இடம் மாற்றிப் போட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சுக்கு முதுகைக் காட்டி அவர் நின்றதே இல்லை.

வேலை ஓடிற்று. கை தேறிற்று. ஒரு காலையில் துணியைப் பிழிந்தபோது தண்ணீர் சொட்டியது. பாஞ்சாலி அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒரு சுகம் அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அதுதான் பயமாக இருந்தது. உயிரோடு இருக்கிறவள் கை இங்கே எப்படி வரும்? அவள் அடிக்கிற ஒவ்வொரு முழு வரியும், ஃபிஜா இல்லை, ஃபிஜா இல்லை என்று சொல்வதுபோலப் பட்டது. சாவுப் போஸ்டர் எது வந்தாலும் முதலில் பெயரைப் பார்ப்பாள். பெஞ்சின் அந்தப் பக்கம் யாராவது உட்காரப் போனால், அங்க ஒக்காராதீங்க, பலகை ஆடுது என்பாள்.

போகப்போக இன்னொன்றும் உறுத்திற்று. செத்தவளை வேலை வாங்குகிறோமே. போக வேண்டிய இடத்துக்குப் போக விடாமல், காதுகுத்துக்கும் மனுவுக்கும் உட்கார வைத்திருக்கிறோமே. ஃபிஜா சுறுசுறுப்பானவள், கூப்பிட்டால் வராமல் இருக்க மாட்டாள். கூப்பிடுகிறவளுக்குத்தான் போதும் என்று தெரிய வேண்டும்.

மிலாடி நபி அன்று ஆபீஸ்கள் எல்லாம் விடுமுறை. அருணகிரியும் வரவில்லை. பாஞ்சாலி மட்டும் கடையைப் பாதி திறந்துகொண்டு உட்கார்ந்தாள். பழைய மனு ஒன்றை எடுத்து அடித்தாள். மூன்றாவது வரியின் நடுவில் வலது கையை எடுத்துவிட்டாள்.

இடது பாதி நிற்கவில்லை. அதன் எழுத்துகள் மட்டும், நடுவில் அவளுடையது இல்லாமல், பல் விழுந்த வாய்போல வந்துகொண்டிருந்தன. வரி முடிந்தது. ஒரு ‘ய’. பிறகு காத்திருந்தது. நீ ஏன் அடிக்கவில்லை என்பதுபோல இன்னொரு ‘ய’.

“ஃபிஜா,” என்றாள் பாஞ்சாலி. “இருக்கியா, இல்லியா? அத மட்டும் சொல்லு.”

கட்டைகள் அசையவில்லை. அவள் தன் கோணல் கையைத் தூக்கி, தொடாமல், அந்தப் பாதிக்கு மேலே பிடித்தாள். உள்ளங்கைக்குச் சூடு தெரிந்தது. பேட்டரிச் சூடு என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். அடுப்பிலிருந்தோ வெயிலிலிருந்தோ வரும் சூடு இல்லை அது. பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தவளின் சூடு. கைக்கு அடியில் கட்டைகள் மெல்ல அமுங்க ஆரம்பித்தன, அடுத்த வரியின் முதல் சொல்லுக்கு.

ஓரத்தில் சின்னதாக ஒரு ஸ்விட்சு உண்டு. அதைத் தள்ளினாள். பாதி எழுத்தில் சத்தம் நின்றது.

“போதும் ஃபிஜா. நீ கெளம்பு,” என்றாள்.

துண்டில் சுற்றி இழுப்பறையில் வைத்தாள். மருதாணிக் கைத் தாளை அதன் மேலே வைத்து மூடினாள். அன்றைக்கே தன் இடது கையைத் தாளில் வைத்து, படிந்தவரை படியட்டும் என்று வரைந்தாள். வேர் மாதிரிதான் இருந்தது. அனுப்பிவிட்டாள்.

அசோக்குமார் செய்து அனுப்பிய புதுப் பாதி பார்க்க விகாரமானது. கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும், கட்டைகள் நெருக்கமாக ஒரு மூலையில் குவிந்திருக்கும். வேறு யார் கை வைத்தாலும் வழுக்கிவிடும். பாஞ்சாலியின் கை அதில் வைத்ததும் அமர்ந்தது. வேகம் பாதிதான். ஆனால் வலி இல்லை, பத்தியின் கடைசியில் எதுவும் வருவதில்லை. துணி பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. பெஞ்சின் காலியான பக்கத்தில் இப்போது வருகிறவர்கள் உட்காருகிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை, பக்ரீத் வரும்போது, அவள் இழுப்பறையைத் திறந்து துண்டைத் தொட்டுப் பார்ப்பாள். ஜில்லென்று இருக்கும். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாள் என்று நினைத்துக்கொள்வாள். ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற நிம்மதி அவளுக்கு இருந்தது.

இந்த வருடம் பொங்கல் முடிந்த நாலாம் நாள், கடை போனுக்குப் புது நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பாஞ்சாலி அதை நின்றபடி படித்தாள்.

“பாஞ்சாலிக்கா, நான் ஃபிஜா. நேத்து வாணியம்பாடி செவுத்துல ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாத்தேன், கீழ கடை நம்பர் போட்டிருந்துச்சு, அதான். அன்னிக்கு வந்ததும் மாமியாருக்கு ரொம்ப முடியாம போச்சு. அப்பிடியே எங்க வூட்டுக்காரரு கான்பூர்ல வேலைன்னு எல்லாரையும் கூட்டினு போய்ட்டாரு. ரயில்ல போன் தொலைஞ்சு போச்சு, ஒரு நம்பரும் மனப்பாடம் இல்ல. கோச்சிக்காத. இப்ப திரும்பி வந்துட்டோம். ஒரு கையாலதான் இத அடிக்கிறேன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, பக்ரீத் முடிஞ்ச வாரத்துல இருந்து என் இடது கை தானா அடிக்க ஆரம்பிச்சுதுக்கா. சும்மா ஒக்காந்திருந்தா போதும், தொடை மேல, தலகாணி மேல அடிச்சினே இருக்கும். நரம்புன்னு சொன்னாங்க. எனக்கு பயமே இல்ல. உன் பக்கத்துல ஒக்காந்தாப்ல இருக்கும். மிலாடி நபி அன்னிக்கு அடிச்சினு இருக்கறப்பவே பாதில நின்னு போச்சு. அன்னிலேர்ந்து அந்தக் கை செத்துப் போச்சு, தூக்க முடியல. என் பக்கத்தை யாருக்குனா குடுத்துட்டியாக்கா?”